வெள்ளிக்கிழமைப் பத்து

ஜூன் 6, வெள்ளி

இந்த வாரப் பாட்டுப் பட்டியலைப் போன் குழுவில் போட்டாயிற்று. புல்லாங்குழலில் ஆரம்பம். அடுத்து, தொண்டை கிழியக் கத்தும் மின்கிடார்க் கும்பல். அடுத்து தாலாட்டு. பிறகு சவ ஊர்வலத்துக்கு வாசிப்பதுபோல் பித்தளை வாத்தியங்கள், உடனே ஒரு குத்துப்பாட்டு, அப்புறம் மொழி புரியாத ஒரு கிழவியின் குரல். இப்படிப் பத்து. ஒரே மாதிரி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. கேட்பவர்கள் வரிசையை மாற்றக்கூடாது, நடுவில் எதையும் தாண்டக்கூடாது. பிடிக்காதவர்கள் குழுவை விட்டுப் போகலாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

மகள் கேட்டாள்: "ஏம்மா, தாலாட்டுக்கு முன்னாடி அந்தக் கத்தலா? பிள்ளை அலறி எழுந்திருச்சிடுச்சு."

"எழுந்தாத்தானே தாலாட்டு வேணும்?" என்றேன்.

பட்டன் எழுதியிருந்தாள். தையல் ஆலையில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. அவள் பட்டன் தைத்தாள், நான் காலர்; அந்தப் பெயரே நின்றுவிட்டது. "நாலாவதுக்கு அழுதேன், அஞ்சாவதுக்கு ஆடினேன். எதிர்வீட்டுக்காரி எனக்குக் கிறுக்குன்னு முடிவே பண்ணிட்டா."

தம்பியிடமிருந்து ஒன்றுமில்லை. நீலத்தில் இரண்டு டிக், அவ்வளவுதான். பார்க்கிறான், பார்த்துவிட்டுக் கம்மென்று இருக்கிறான்.

ஜூன் 8, ஞாயிறு

அத்தைக்கு எதற்கு இந்த வேலை என்று மாப்பிள்ளை கேட்டாராம். மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். பாதி ஆயுள், மேற்பார்வையாளர் போட்ட ரேடியோவைக் கேட்டுக்கொண்டு காலர் தைத்தவள் நான். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போக முடியாது. வேலையை விட்ட அன்றைக்கு ஒரு போன் வாங்கினேன். எந்த வாத்தியம் எது, எந்த நாட்டுக்காரர் எப்படிப் பாடுவார் என்று நானே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். எந்த வாத்தியாரும் வரவில்லை.

அந்த அருமை தெரிந்தவன் என்று ஒருவனைத்தான் நினைத்திருந்தேன்.

போன ஆகஸ்ட், தம்பியின் அறுபதாவது பிறந்தநாள். "பாட்டு உன் பொறுப்புக்கா" என்று அவனேதான் சொன்னான். மாதக்கணக்கில் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தேன். ஐந்தாவது, வயலின் மட்டும். உச்சத்தில் மெல்லிய நூல் மாதிரி போகும். எழுந்து வந்தான். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். "நிறுத்துக்கா. மனுஷன் கேப்பானா இதை?" கூடம் முழுக்க ஆட்கள். யாரோ சிரித்தார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அதோடு பேச்சு நின்றது. ஒயரைப் பிடுங்கியவன் பேசட்டும். நான் ஏன் பேச வேண்டும்?

ஜூன் 13, வெள்ளி

பட்டியல் போனது. அதே நீல டிக். இந்த மாதம் முடிவதற்குள் ஒரு வார்த்தை வரவில்லை என்றால் அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவேன். தம்பி என்றால் என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?

ஜூன் 17, செவ்வாய்

இன்றைக்குக் கண் பரிசோதனை. மருந்து விட்டு உட்காரச் சொன்னார்கள். அதே மாடியில்தான் காது பிரிவும். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள், தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருந்தார். மருந்தில் எல்லாம் மங்கல். முதுகை வைத்துத்தான் தம்பி என்று கண்டுபிடித்தேன். பஸ் ஓட்டி ஓட்டிக் கூனிய முதுகு.

சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் போலிருக்கிறது. வெளியே இருந்த பெண் பொத்தானை அழுத்துகிறாள், அவன் கை எழவே இல்லை. மறுபடி அழுத்துகிறாள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பையன் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருக்கிறான். எப்போதோ ஒரு தடவை கை எழுந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது.

பின்னால் அவன் மனைவி. "அக்கா! நீங்க எங்க இங்க?"

"கண்ணு. இவனுக்கு என்ன?"

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு." கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அத்தனை வருஷம் இஞ்சின் பக்கத்துலயே உக்காந்தது. மெல்லிசா, மேல போற சத்தம் எதுவும் விழாது. கனமான சத்தம் விழும். போன வருஷம் பிறந்தநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் காதுக்கு மிஷின் மாட்டினாங்க. அந்த வயலின் வந்ததும் தகரத்தைச் சுரண்டற மாதிரி இருந்துச்சாம். அன்னிக்குக் கழட்டினதுதான். அலமாரியில கிடக்கு. இப்பத்தான் வேற மிஷின் பாக்கலாம்னு இழுத்துட்டு வந்திருக்கேன்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"உங்க தம்பிதானே" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ வெள்ளிக்கிழமை நான் அனுப்பறது?"

"பத்தும் போடுவாரு. பாதி கேக்காது. கேக்காததுக்கும் முடியற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பாரு. அடுத்ததுக்குப் போங்களேன்னா, அக்கா தாண்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கும்பாரு."

அவன் வெளியே வருவதற்குள் கிளம்பிவிட்டேன். டாக்டரிடம் கண்ணைக் காட்டாமலே.

ஜூன் 18, புதன்

சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரு வார்த்தை! "எனக்குக் காது கேக்கலைக்கா"— இதுல என்ன கௌரவம் போகுது? வருஷம் பூரா என்னைக் கொதிக்க விட்டான். ஒயரைப் பிடுங்கியது ஒரு குற்றம், காரணத்தை மறைத்தது இன்னொரு குற்றம். அவன் கணக்கில் இப்போது இரண்டு.

வேலை ஒன்றும் ஓடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பட்டியல் அனுப்பவில்லை. இத்தனை காலத்தில் முதல் தடவை. கண் வலி என்று எழுதினேன். "கண்ணு வலிச்சா காதுக்கு என்னடி கேடு?" என்று பட்டன் கேட்கிறாள்.

புல்லாங்குழலை அனுப்பினால் சும்மா உட்கார்ந்திருப்பான். எதை அனுப்புவது?

ஜூன் 24, செவ்வாய்

ஒரு வழி கிடைத்தது. போனைச் சமையலறையில் பாட விட்டேன். கதவைச் சாத்திவிட்டு, படுக்கையறை மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். சுவர் தாண்டி வருவதுதான் அவனுக்கும் வரும் என்று ஒரு கணக்கு. சரியா தவறா, தெரியாது.

புல்லாங்குழல் வரவே இல்லை. தாலாட்டு போயே போயிற்று. வயலின்— பத்து நிமிடம் ஓடியது, எனக்கு ஓர் இழை கூட எட்டவில்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படித்தான் உட்கார்ந்திருந்தானா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்?

பெரிய மேளம் வந்தது. பருத்த வயலின் மாதிரி இருக்கும் செல்லோ வந்தது. அடிவயிற்றிலிருந்து பாடும் ஆண்கள் சிலர் வந்தார்கள். பித்தளையில் பெரியது மட்டும் வந்தது. எழுந்து போய் மாற்றுவதும் திரும்பி வந்து உட்காருவதுமாக முழங்கால் போயிற்று.

ஜூன் 26, வியாழன்

பத்து சேர்ந்துவிட்டது. பத்தும் ஒரே கனம். பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது என்ற சட்டம் செத்தது. இது சமாதானம் இல்லை. என் ரசனை இந்த வாரம் கொஞ்சம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 27, வெள்ளி

அனுப்பினேன்.

மகள்: "அம்மா, பத்தும் இடி இடிக்குது. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிட்டார்."

பட்டன்: "மறுபடி மெஷின் ரூமுக்கு வேலைக்குப் போன மாதிரி இருக்கு. என்னடி ஆச்சு உனக்கு?"

இரண்டு பேருக்கும் ஒரே பதில்: கேட்க விருப்பமிருந்தால் கேளுங்கள்.

தம்பியின் நீல டிக் வந்தது. மத்தியானம். அப்புறம் சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. நானும் ஒன்றும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை.

ஜூன் 28, சனி

காலையில் குழுவில் வந்திருந்தது, அவன் பெயரில்:

"ஏழாவதை மூணு தடவை கேட்டேன்கா. எட்டுக்கு இன்னும் போகல."

மன்னிப்பு இல்லை. காரணம் இல்லை. அதுவும் வரிசையை மீறிவிட்டு! ஏழுக்குப் பிறகு எட்டு எதற்காக வருகிறது என்று தெரியாமல் ஏழிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? இதையெல்லாம் போனில் தட்டிப் புரியவைக்க முடியாது. நாளைக்குக் காலையில் நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.

அவன் வீட்டில் இருப்பது சின்ன ஸ்பீக்கர், கனமான சத்தத்தை அது தாங்காது. என்னுடையதைத் துடைத்து வைத்துவிட்டேன். ஒயரைச் சுற்றிப் பையில் போட்டாயிற்று.