சுண்ணாம்புக் காளவாயும் ஏழு முத்திரைகளும்

நலம் பெருகுக.

கடலையும் கழனியையும் ஒன்றாக நினைத்துக் காக்கும் பொழிற்கரை நாட்டின் அரசியார், ஏரிகளுக்குக் கரையும் எளியோருக்கு நிழலுமான திருவேள்நங்கையார் ஆணைப்படி, அரண்மனையில் ஓலை எழுதும் பரமை, கிளிஞ்சற்றுறை காக்கும் அதிகாரி குணவீரருக்கு வரைந்தது. தங்கள் துறையில் வலைகள் கனத்து வருக. கிணறுகள் இனித்துக் கிடக்க. தாங்களும் தங்கள் மனையாரும் குறையின்றி வாழ்க.

தாங்கள் சென்ற திங்கள் அனுப்பிய ஓலை வந்து சேர்ந்தது. தீயும் புகையும் கழிவும் உள்ள தொழில்கள் இடம் பெறவும் இடம் மாறவும் ஏழு அலுவலர் முத்திரை வேண்டும் என்ற சட்டத்தால் துறை வாடுகிறது என்றும், முத்திரைகளை எல்லாம் கடலில் எறிந்துவிட்டு அவரவர் விருப்பம் போல் செய்ய விட்டால் ஊர் தானே செழிக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். அரசியார் அதைப் படித்துச் சிரித்தார். அது கோபச் சிரிப்பு அன்று. அதே நாளில் அமைச்சவையோ, ஏழு முத்திரைகளும் ஒழுங்காக விழுகின்றனவா என்று பார்க்க எட்டாவதாக ஒரு முத்திரை வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தது.

அரசியாரின் முடிவு இரண்டிலும் சேரவில்லை. முடிவை மட்டும் எழுதினால் போதாதா என்று பரமை கேட்டதற்கு, அது பிறந்த வழியையும் எழுது என்றார் அரசியார். வழி தெரியாதவர் ஆணையைக் காப்பாரே தவிர, அதன் கருத்தைக் காக்கமாட்டார் என்பது அவர் எண்ணம். மக்கள் பேசியதைத் திருத்தாமல் பேசியபடியே எழுதுமாறும் பணித்தார்.

மாசிக் கடலாட்டுக்கு அரசியார் தங்கள் துறைக்கு எழுந்தருளியபோது, நோயாளிகள் தங்கும் ஆதுலசாலையைப் பார்க்கச் சென்றது தங்களுக்கு நினைவிருக்கும். அன்று தாங்கள் வாயிலிலேயே நின்றுவிட்டீர்கள். உள்ளே முற்றத்துக் கொடியில் காய்ந்த துணிகளெல்லாம் சாம்பல் படிந்து கிடந்தன. கிழக்கே கடற்கரையில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாயின் புகை, காற்று வந்தபோதெல்லாம் நேராக அங்கேதான் வந்து இறங்கியது. சுவரோரக் கட்டிலில் பதுமன் என்பவர் இருமிக்கொண்டிருந்தார். புகை துன்புறுத்துகிறதா என்று அரசியார் வினவினார்.

"துன்பமா? புகை வந்தா எங்க வீட்டு அடுப்பு எரியுதுன்னு நெனச்சுக்குவேன் நாச்சியாரே. அது என் பொஞ்சாதி காளவாய்தான். அவ கையில ஒழுங்கா வேகுறது அந்தக் கிளிஞ்சல் ஒண்ணுதான்" என்றார் அவர்.

காலடியில் கஞ்சிக் கலயத்தோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி கொற்றி, "இருமுறதுக்கே மூச்சு இல்லையாம், இதுல நக்கலு வேற" என்று அதட்டினாள். அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திரும்பலை அரசியார் கண்டார்.

தன் கை மூட்டிய தீயின் புகையைத் தன் கணவர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி எப்படி இருக்கிறாள் என்பது அவருக்கு விளங்கவில்லை. தீயை அணைத்து வைக்கக் கூடாதா என்று கேட்டார்.

"அணைச்சா காளவாய் செத்துப்போச்சுன்னு எழுதிருவாங்க நாச்சியாரே. மறுபடி மூட்டணும்னா ஏழு முத்திரையும் மொதல்லேருந்து வாங்கணும். அதை நம்பி இருக்கிற குடும்பமெல்லாம் எங்க போகும்? வடக்கால மணல்மேட்டுக்கு மாத்திக்கிறேன், அங்க எந்தக் காத்துக்கும் புகை ஊருப்பக்கம் வராதுன்னு ஓலை குடுத்து ரெண்டு மழை போயிருச்சு. என் ஓலை ஏழு வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கு. ஒரு வீட்டுலயும் அதுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல" என்றாள் கொற்றி.

உடன் வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அரசியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

தந்தையார் காலத்தில் தோல் பதனிட்ட நீர் ஏரியில் கலந்து ஊரே நோயில் விழுந்ததை அரசியார் சிறுமியாக இருந்து பார்த்தவர். அதன் பின் பிறந்தவை இந்த ஏழு முத்திரைகள். அரக்கில் முத்திரை பதியும் மெல்லிய ஓசையைக் கேட்கும்போதெல்லாம், எங்கோ ஒரு கிணறு காக்கப்பட்டது என்று அவர் மனம் ஆறுதல் கொள்ளும். அந்த ஆறுதலை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை.

கொற்றியின் ஓலைக்கட்டு எங்கே என்று தேடினால், அது அரசியார் உடன் கொண்டுவந்த பெட்டியிலேயே இருந்தது. ஏழு முத்திரைகளும் விழுந்து, அவருடைய மோதிரக் குறிக்காகக் காத்திருந்தது. மறுநாள் காலை, ஏழும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து, வழக்கம் போல் குறியிட்டிருப்பார். அன்று ஓலைக்கட்டை அவிழ்த்தார்.

ஓலை வெளுத்து இருந்தது. எழுத்தாணி கீறிய கோடுகள் கண்ணுக்குத் தெளியவில்லை. முதலில் படிப்பவரே விளக்குக் கரி தடவி எழுத்தைத் துலக்குவது நம் நாட்டு வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. அந்த ஓலையில் கரி பட்டதே இல்லை. ஏழு பேர் முத்திரை இட்ட ஓலையை ஒருவரும் படிக்கவில்லை.

உடன் வந்திருந்த அலுவலர் இருவரை அழைத்துக் கேட்டபோது, முதல் முத்திரைக்கு உரியவர், தமக்குப் பின் ஆறு பேர் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டதாகப் பணிவுடன் சொன்னார். ஏழாம் முத்திரைக்கு உரியவர், முன்னே ஆறு பேர் படித்திருப்பார்கள் என்றும், மறுபடி படிப்பது மூத்தவர்களைச் சோதிப்பதாகும் என்று அஞ்சியதாகவும் சொன்னார். நடுவில் உள்ளவர்கள் இருபுறமும் சாய்ந்துகொண்டார்கள் போலும்.

கோபம் வரும் என்று அரசியார் காத்திருந்தார். வரவில்லை. தாமும் அந்த வரிசையில் எட்டாவதாக நின்றவர்தானே என்ற நினைவுதான் வந்தது. அது அவரைச் சுட்டது; கூடவே, ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலவும் இருந்தது. எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

விளக்குக் கரியைத் தம் விரலாலேயே தடவிப் படித்தார். மணல்மேட்டின் தெற்குச் சரிவில் இடம் வேண்டும் என்று எழுதியிருந்தது. மறுநாள் வெயில் ஏறுமுன் கொற்றியை அழைத்துக்கொண்டு அங்கே போய் நின்றார். சரிவின் அடியில் உப்பளத்துப் பெண்கள் குடத்தோடு வரிசையில் இருந்தார்கள். மணலைத் தோண்டிய குழியில் நல்ல நீர் ஊறிக்கொண்டிருந்தது. காளவாய்ச் சாம்பல் மழையில் கரைந்தால் எங்கே வடியும் என்று அரசியார் கேட்டார்.

கொற்றி சரிவைப் பார்த்தாள், ஊற்றைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அத நான் நெனச்சே பாக்கல நாச்சியாரே. அவரு மூச்சு ஒண்ணுதான் கண்ணுல நின்னுச்சு."

வரிசையில் இருந்த ஒருத்தி, "நல்லா நெனச்ச போ! எங்க தண்ணியில சுண்ணாம்பக் கலக்கிட்டா வெத்தல பாக்கு நீயா வாங்கித் தருவ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், கொற்றியும் சேர்ந்து. அந்தப் பெண்களே ஊற்றைத் தாண்டி, மேட்டின் மறுபுறம், நீர் கடலுக்கே வடியும் இடத்தைக் காட்டினார்கள். உச்சிவேளைக்குள் பேச்சு முடிந்துவிட்டது.

குணவீரரே, அரசியார் தங்களை எண்ணிப் பார்க்கச் சொல்வது இதைத்தான். தாங்கள் கேட்டபடி எவரும் கேளாமல் விட்டிருந்தால் அந்த ஊற்று கெட்டிருக்கும். அமைச்சவை கேட்டபடி எட்டு முத்திரை இருந்திருந்தால் பதுமன் இன்னும் ஒரு மழைக்காலம் புகையை விழுங்கியிருப்பார். அதன் பிறகும் ஊற்று கெட்டிருக்கும்.

ஆதலால் அரசியார் ஆணை இது. இன்று முதல் ஏழு முத்திரைகள் இல்லை. விண்ணப்பம் எந்த ஊருடையதோ அந்த ஊர்க் காவல் அதிகாரி ஒருவரே அதைத் தம் கையால் கரி தடவிப் படிக்கக் கடவர். ஆதுலசாலை மருத்துவரோடும், அங்கே நீர் எடுப்பவர்களோடும் அந்த இடத்திலேயே போய் நின்று கேட்கக் கடவர். அடுத்த அமாவாசைக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ காரணத்தோடு ஊரறியச் சொல்லக் கடவர். நீரும் காற்றும் கெடாமல் இருக்க முன்பு விதித்த விதிகளில் ஒன்றும் குறையவில்லை. ஊற்று கலங்கினாலோ, ஆதுலசாலைத் துணியில் சாம்பல் விழுந்தாலோ, அன்றே தீயை அணைக்க மருத்துவருக்கு உரிமை உண்டு. அதற்கு ஒருவர் முத்திரையும் வேண்டா. குறை தீர்ந்ததும் மறுபடி மூட்டவும் புது ஓலை வேண்டா. முத்திரை இழந்த அலுவலர்கள் வேலை இழக்கமாட்டார்கள். அவர்கள் ஊர் ஊராகச் சென்று கிணறுகளையும் வாய்க்கால்களையும் பார்த்து வருவார்கள். அவர்களில் இருவர் இதைக் கேட்டு மகிழ்ந்தார்கள் என்பதையும் எழுதச் சொன்னார் அரசியார்.

கொற்றிக்கு இந்த ஓலை வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று அரசியார் அங்கேயே வாய்மொழியாக இசைவு தந்துவிட்டார். புதுக் காளவாயில் தீ ஏறிவிட்டதாகவும், புகை கடல்மேல் போவதாகவும் செய்தி வந்தது. அதைக் கேட்ட அரசியார் சாளரத்தைத் திறந்து கடல் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு பசிக்கிறது என்றார். அவர் தாமாகப் பசி என்று சொல்லிப் பரமை கேட்டது பல நாளுக்குப் பின் அன்றுதான்.

தங்களுக்கென்று ஓர் ஆணை மிச்சம் உண்டு. இந்த ஓலை கண்ட காலையில் தாங்கள் ஆதுலசாலை வாயிலைக் கடந்து உள்ளே சென்று, சுவரோரக் கட்டிலின் அருகே அமர்ந்து, பதுமன் ஒரு முறை முழுதாக மூச்சு இழுத்து விடுவதைக் கேட்டு வாருங்கள். துறையின் மற்றச் செய்திகள் எல்லாம் பிறகு வரட்டும். அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்பதை முதல் வரியாக எழுதி அனுப்புங்கள். அரசியார் காத்திருக்கிறார்.

இது திருவேள்நங்கையார் தாமே படித்து, தம் மோதிரக் குறி இட்ட ஓலை. எழுதினவள் பரமை. நீரும் காற்றும் நன்று, நாடும் நன்று.