வலக்கையை உயர்த்தி, இராமேஸ்வரம் பார்த்து

மாமி,

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், பேசாலையில் காலமான தங்களின் மின்னஞ்சல் பெட்டி, இன்று ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு, உற்றார் முன்னிலையில் நல்ல சுகத்துடன் திறக்கப்பட்டது. உள்ளே புதிதாக வந்திருந்தோர்: ஒரு துணிக்கடை, ஒரு லொத்தர்ச் சீட்டு, எடை குறைக்கச் சொல்லும் ஒரு டொக்டர். உங்கள் மகன், என் மச்சானிடமிருந்து ஒன்றும் இல்லை. இங்ஙனம், தங்களால் நியமிக்கப்பட்ட பெட்டிக் காவலர்.

உங்கள் போனில்தான் இதைத் தட்டுகிறேன். உறையில் இன்னும் கருவாட்டு மணம். பாயில் மீனைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது போன் 'டிங்' என்றால், அதே கையோடு ஓடிவந்து எடுப்பீர்கள். நீங்கள் போய் ஒன்றரை வருடம். மணம் மட்டும் குடிபெயர மறுக்கிறது.

இந்தியா அகதி முகாமிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வள்ளம் ஏறும்போது மச்சானுக்குப் பத்தொன்பது வயது. ஏறுவதற்கு முன் எழுதியதை நீங்கள் எனக்கு எத்தனை தரம் வாசித்துக் காட்டியிருப்பீர்கள். "அம்மா, போய்ச் சேர்ந்ததும் இந்த மெயிலுக்குத்தான் எழுதுவன். பூட்டிப்போடாதேங்கோ." அதன் பிறகு நீங்கள் ஊர் திரும்பினீர்கள். வீடு மாறியது, நம்பர் மாறியது, நாடே மாறியது. அவனுக்குத் தெரிந்து மாறாமல் இருந்தது அந்த முகவரி ஒன்றுதான். நெடுநாள் திறக்காத கணக்கை அழித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இந்தப் போனை வாங்கியபோது நாம் தலைமன்னாருக்குப் போனது நினைவிருக்கிறதா? கணக்கைத் திறக்க ஒரு இரகசிய இலக்கம் வரும் என்றது போன். அது வருவது உங்கள் பழைய இந்திய நம்பருக்கு. அந்த சிம்முக்கு நீங்கள் விடாமல் ரீசார்ஜ் போட்டு வைத்திருந்தாலும், நம் வீட்டில் அது பிணம். தலைமன்னார்க் கரையில் அக்கரை இந்தியக் கோபுரத்தின் சிக்னல் பட்டால்தான் உயிர்க்கும். முழங்கால் தண்ணீரில் நின்று, சுவாமியார் நற்கருணையை உயர்த்துவதுபோல் நீங்கள் போனை உயர்த்தினீர்கள். இலக்கம் வந்தது. நான் அதைத் தட்டிக் கொடுத்தேன். அன்றுமுதல் ஊரில் என் பட்டம் 'கம்பியூட்டர் இஞ்சினியர்'. அதை வைத்தவனும் நானேதான்.

இஞ்சினியர் சும்மா இருப்பாரா? அடுத்த மாதம் ஒரு புது முகவரி தொடங்கி, மெயில் கொம்பனியின் தலைமைக் கந்தோர் அனுப்புவதுபோல் உங்களுக்கு ஒரு மெயில் போட்டேன். 'தங்கள் கணக்கு அழிக்கப்படாதிருக்க, மாதம் ஒருமுறை கரையில் இராமேஸ்வரம் பார்த்து நின்று, வலக்கையில் போனை உயர்த்தி, பத்து நிமிடம் பேசாதிருக்கவும்.' உங்களால் முடியாதது அந்தக் கடைசிப் பகுதிதான் என்று பெடியளோடு பந்தயம் கட்டியிருந்தேன்.

நீங்கள் பேசவில்லை, மாமி. அதே தலைமன்னார்க் கரையில், உச்சி வெயிலில் பத்து நிமிடம், வாய் திறக்காமல், உயர்த்திய கையை இறக்காமல் நின்றீர்கள். நான் பின்னால் நின்று வீடியோ எடுத்தேன். அது கிரவுண்டில் கைக்குக் கை மாறி, கடைசியில் உங்களிடமே வந்தது. நீங்கள் ஏசுவீர்கள் என்று பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் மீன் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "என்னை வைச்சு எவ்வளவும் விளையாடு, மருமோன். அவன் வாற வழியில மட்டும் விளையாடாதே."



அதற்குப் பிறகும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, இந்தப் போனை என் கையில்தானே வைத்தீர்கள். "மாசத்தில ஒருக்காத் திறந்து பார். வேற ஒண்டும் வேண்டாம்." ஓம் என்றேன். உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டில், கறி பரிமாறிக்கொண்டே, அந்தப் பெட்டி என் பொறுப்பில் இருக்கிறது என்று பந்தி பந்தியாகச் சொன்னேன். பெரியவர்கள் தலையைத் தடவினார்கள்.

முதல் மாதம் திறந்தேன். இரண்டாம் மாதமும் திறந்தேன். பிறகு பள்ளிக்கூடச் சோதனை வந்தது, கிரிக்கெட் வந்தது. போன் அம்மாவின் அலுமாரிக்குள் போனது. மச்சான் எழுதினானா என்று யாரும் கேட்டால், "பார்த்தனான், இன்னும் இல்லை" என்பேன். பார்க்காமலே.

இன்று பூசையில், கடலில் போனவர்களுக்காகச் செபித்தார்கள். விரலை மடக்கிப் பார்த்தேன், பெட்டியைத் திறந்து பதினைந்து மாதம். வீட்டுக்கு ஓடிவந்து அலுமாரியைத் திறந்தால் போனைக் காணவில்லை.

கொல்லைப்புறம் போனேன். வேலியடியில் அம்மா நின்றா, பூசைக்கு உடுத்த சேலையோடு, மேற்குப் பார்த்து, வலக்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. கையில் உங்கள் போன். கூப்பிட்டேன். திரும்பவில்லை. பத்து நிமிடம் முடிந்த பிறகுதான் கையை இறக்கி, பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மூடினா.

"ஒவ்வொரு ஞாயிறும் செய்யிறனான்," என்றா. "மச்சாள் தலைமன்னாரில இப்பிடி நிண்டதை நீதானே வீடியோவில காட்டினனி. ஒவ்வொரு கிழமையும் நான் அவ்வளவு தூரம் அந்தக் கரைக்குப் போறது எப்பிடி? அதுதான் இங்க நிண்டு பிடிக்கிறன்."

நீங்கள் அவவிடமும் சொல்லித்தான் போயிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். சொல்ல மனமில்லாமல்தான் சொன்னா: "அவன் கெட்டிக்காரன், ஆனா மறந்துபோவான். நீ பாத்துக்கொள். அவனுக்குத் தெரிய வேண்டாம், முகம் வாடிப்போவான் எண்டவ."

மாமி, பெட்டிக் காவலர் நானில்லை. மேலே விட்ட அறிவித்தலில் பெட்டி திறந்தது ஒன்றுதான் உண்மை. திறந்தவ அம்மா. 'உற்றார்' என்று எழுதினேனே, அதுதான் நான். சும்மா பக்கத்தில் நின்றவன்.

கை உயர்த்தத் தேவையில்லை, திறந்து பார்த்தாலே போதும் என்று அம்மாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், ஏன் அப்படி நின்றா மச்சாள் என்று கேட்பா. அந்தப் பொய் மெயிலையும் சொல்லவேண்டி வரும்.

இந்தக் கடிதத்தை உங்கள் பெட்டிக்கே அனுப்புகிறேன். வாற ஞாயிறு திறந்து வாசிக்கப்போவதும் நான்தான், ஏனென்றால் அம்மாவுக்குக் கை உளைகிறதாம். இனி நான் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடமும், பேசாமல்.