நான் அமைதியாகப் பேசிய அன்று

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அத்தை, நான் எல்லோரும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை இது, ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிற நலம். ஏன் என்று கீழே சொல்கிறேன், பதறாமல் படி, முடிவு நல்லபடியாகத்தான் இருக்கிறது. உனக்கு இருமல் விட்டதா, ஹாஸ்டல் அறையில் அந்த உடைந்த ஜன்னலை மாற்றினார்களா. பதில் தாமதமாகிவிட்டது என்று கோபித்துக்கொள்ளாதே, எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை ஓடவில்லை, இன்றைக்குத்தான் ஓடுகிறது.

உன் பாடத்தில் வருகிற அந்த ஸ்டோயிக் தத்துவத்தை ஒரு வாரமாவது கடைப்பிடித்துப் பார் அம்மா, நீயும் படித்தவள்தானே என்று எழுதியிருந்தாய். கையில் இருப்பது எது இல்லாதது எது என்று முதலில் பிரி, இல்லாததை நினைத்து மாயாதே, நடக்கக்கூடிய மோசமானதைக் காலையில் ஒருமுறை மனதில் பார்த்துவிடு, பிறகு எது வந்தாலும் மிரளமாட்டாய் என்று. எனக்குச் சிரிப்புதான் வந்தது. பட்டம் வாங்கிய கையோடு உன்னையும் வாங்கிக்கொண்டவள் நான், அன்றிலிருந்து மூன்று வேளையும் மோசமானதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இதற்குத் தனிப் பயிற்சி வேறா. ஆனாலும் செய்தேன். அப்பா கிரேனில் ஏறியதும் போன் போட்டுக் குடைவதை விட்டேன். வானிலையை மணிக்கொரு தரம் பார்ப்பதை விட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் லென்ஸை மட்டும் நினைத்தேன். முதலாளியே வந்து, “என்னம்மா, இப்பல்லாம் ஒரு லென்ஸும் உடைய மாட்டேங்குது, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

அப்போதுதான் போன வாரம் ஒரு பெருங்காற்று அடித்தது. அப்பா இப்போது ஓட்டுவது புது அடுக்குமாடிக் கட்டிடத்தில் நிற்கிற டவர் கிரேன், முன்பு ஓட்டியதைவிட உயரம், அண்ணாந்து பார்த்தால் எனக்குக் கழுத்து வலிக்கும். மதியம் அங்கிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். “அண்ணன் மேலயே மாட்டிக்கிட்டாரு அக்கா. காத்து அடிக்கறப்ப ஏணியில இறங்கறது ஆபத்துன்னு கேபின்லயே இருக்கச் சொல்லியிருக்கோம். வாக்கி டாக்கி கரகரங்குது, பேசறது சரியா கேக்கல. நீங்க பயப்படாதீங்க” என்றார். பயப்படாதே என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு அதை எப்படி என்று சொல்லத் தெரிவதில்லை. உன் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. காற்று என் கையில் இல்லை. ஏணியும் இல்லை. என் கையில் இருந்தது ஒரே ஒரு லென்ஸ், கண்ணாடி உடைந்துபோய் வண்டி எடுக்க முடியாமல் ஒரு டிரைவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அதைத் தேய்த்து முடித்தேன் குட்டி. ஓரம்கூடப் பிசகவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அத்தைக்கும் சொல்லிவிடலாம் என்று அவள் வேலை பார்க்கிற ஸ்கூலுக்குப் போன் போட்டேன். மெதுவாக, நிறுத்தி நிதானமாக, “பதறாம கேளு. அண்ணன் வேலை செய்யற இடத்துல பெரிய காத்து. எது வந்தாலும் தாங்கிக்கற பக்குவம் நமக்கு வேணும். நீ வேலையை முடிச்சிட்டு மெதுவா வந்தா போதும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் பொங்கினாலே நான் போடுகிற கூச்சலுக்கு உன் அத்தை போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பவள். என் வாயிலிருந்து இப்படி ஒரு குரலை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. அண்ணன் போய்விட்டான் என்றே முடிவு கட்டிவிட்டாள். மைதானத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் விசிலோடு, கூட இரண்டு டீச்சர்களையும் இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “அழுதுடுங்க அண்ணி, உள்ள வச்சுக்காதீங்க” என்றாள். நான், “எதுக்குடி அழணும்?” என்றேன். அதைக் கேட்டதும் எனக்குப் புத்தியே பிசகிவிட்டது என்று நினைத்து ஒரு டீச்சர் என் முகத்தில் தண்ணீரை அடித்தாள். முதலாளி பாதி ஷட்டரை இறக்கினார். அந்த டிரைவர் புதுக் கண்ணாடியைப் போட்டதும் முதலில் பார்த்தது இந்தக் கூத்தைத்தான்.

சிரிக்காதே, அதற்கு மேல் நடந்தது சிரிப்பாக இல்லை. இத்தனை பேர் அழுவதைப் பார்த்ததும், எனக்குத் தெரியாத சேதி ஏதோ இவர்களுக்கு வந்திருக்கிறது, அதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். தத்துவமெல்லாம் போன இடம் தெரியவில்லை. நான் போட்ட அலறலில் அத்தையே அழுகையை நிறுத்திவிட்டு, “அப்ப உங்களுக்கும் ஒண்ணும் தெரியாதா?” என்றாள். சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. எல்லோரும் முதலாளியின் வண்டியில் ஏறி ஓடினோம். வழியெல்லாம் அத்தையின் விரல்களை நெரித்துக்கொண்டே போனேன். கட்டிடத்தின் கேட் அருகே இறங்கும்போது காற்று அடங்கியிருந்தது. ஏணியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் படிப்படியாகக் கீழே வந்துகொண்டிருந்தது. அந்த நிறத்தை நான் இனி மறக்கமாட்டேன். தரையில் காலை வைத்த உன் அப்பா, விசிலோடு தங்கை, நனைந்த தலையோடு நான், அழுது வீங்கிய டீச்சர்கள், முதலாளி எல்லோரையும் பார்த்து மிரண்டுபோய், “யாரு போயிட்டாங்க?” என்றார். அத்தை, “நீதாண்ணா!” என்று அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

மேலே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். “சுமையைக் கீழ வச்சேன். கொக்கியை மேல தூக்கினேன். திருப்பற பிரேக்கை விட்டுட்டேன். பிரேக்கைப் பிடிச்சு வச்சாதான் சாயும், விட்டுட்டா அந்த நீளக் கையைக் காத்து தன் பக்கம் திருப்பிக்கும், அவ்வளவுதான்” என்றார். இவர் அங்கே காற்றோடு சுற்றிக்கொண்டிருந்தாராம், அதைச் சமையல் குறிப்பு மாதிரி சொல்கிறார். பயமே இல்லையா என்றேன். “இல்லாம என்ன, தொண்டை காஞ்சு போச்சு. தண்ணி பாட்டிலைக் கீழேயே வச்சிட்டுப் போயிட்டேன்” என்றார். அப்போதுதான் நான் அழுதேன், நன்றாக, மூக்குச் சிந்தி. அழுது முடித்ததும் பசித்தது, இரண்டு பேரும் சாப்பிட்டோம். இவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

மறுநாள் அவர் மறுபடியும் ஏறத்தானே வேண்டும். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். போய்ட்டு வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். உண்மையாகவே வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை குட்டி, பயம் இருந்தது, ஆனால் அது என்னைப் பிடித்து உலுக்கவில்லை. அவர் போகாமல் நின்றார். “அவ்வளவுதானா? திட்டலையா? எனக்கு என்னவோ மாதிரி இருக்கு” என்றார். சரி என்று, தண்ணீர் எடுத்தீர்களா, சார்ஜ் இருக்கிறதா, காற்று வருவதற்குள் இறங்கத் தெரியாதா என்று பழைய குரலில் தெரு கேட்கக் கத்தினேன். மனிதர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

உன் தத்துவத்தை விடப்போவதில்லை. எனக்கு உள்ளே அது இருக்கட்டும், வெளியே என் குரல் இருக்கட்டும். நீயும் அப்படியே இரு. பரீட்சை சரியாக வராவிட்டால், யாராவது மனதை நோகடித்தால், போனில் அமைதியாக எல்லாம் சரிதாம்மா என்று சொல்லாதே, அந்தக் குரலைக் கேட்டால் அடுத்த வண்டியிலேயே ஏறிவிடுவேன். முதலில் என்னிடம் கத்திவிடு. பிறகு பிரித்துக்கொள்ளலாம், எது உன் கையில், எது என் கையில் என்று.

நன்றாக இரு, நினைத்தது எல்லாம் கைகூடி நீண்ட நாள் நிறைவாக இரு. இருமலுக்கு வெந்நீர் குடி, தலையை ஈரத்தோடு பின்னாதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா