மூன்று லிட்டர் தண்ணீர்

இன்று காலை லைட்ஹவுஸ் குப்பத்தில் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். ஆரஞ்சு வாசனை வந்தது. நீ வாங்கிப் போட்ட உப்புச் சர்க்கரைப் பொடிப் பொட்டலம், ஓரம் கிழிந்து உள்ளேயே கொட்டியிருந்தது. நீ போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. பையை உதற மனம் வராமல் அப்படியே மூடினேன்.

நம் பத்திரிகைத் தொடருக்காக எட்டு மாதம் கடற்கரை ஊர் ஊராகப் போனோம். நான் எழுத, நீ படம் எடுக்க. கிளம்பும்போது எனக்கு இருந்த தொப்பையும் மூட்டுவலியும் உனக்குத் தெரியும். விடிந்ததும் அரை மணி நேரம் மணலில் நடக்க வைத்தாய். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பஜ்ஜியை என் கையிலிருந்து பிடுங்கி நாய்க்குப் போட்டாய். "சார், நீங்க படுத்துட்டா தொடரும் படுத்துடும்" என்பாய். அந்த எட்டு மாதத்தில் எனக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரவில்லை. உனக்கு மூன்று முறை வந்தது. "சூடு சார், வேற ஒண்ணுமில்ல" என்றாய். நம்பினேன்.

ஊர் திரும்பியதும், நீண்ட பயணத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினேன். எல்லாம் உன் விதிகள். முதல் விதி, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் உனக்குப் படித்துக் காட்டினேன். "கரெக்ட் சார்" என்றாய்.

இன்று மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த, அன்று நமக்குப் பழக்கமான மீனவப் பெண் பாக்கியம் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"எங்க சார், கேமராக்காரம்மா வர்ல?"

நீ இறந்ததைச் சொன்னேன். சிறுநீரகம் என்றேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"அது தண்ணியே குடிக்காதே சார்."

"எப்பவும் கையில பாட்டில் இருக்குமே."

"இருக்கும். காலையில எப்டி இருந்துச்சோ சாயங்காலமும் அப்டியே இருக்கும். ஒண்ணுக்கு வந்தா நீ சவுக்குத் தோப்பாண்ட போய்ட்டு வந்துடுவ. அது எங்க போவும்? மொத நாளு பல்லக் கடிச்சிகினு நின்னுச்சு. நான்தான் எங்க வூட்டாண்ட இட்டுகினு போனேன். சாராண்ட சொல்லாதக்கான்னுச்சு."

"ஏன்?"

"இன்னா ஏன்? தெரிஞ்சா அடுத்த ஊருக்கு ஆம்பளய இட்டுகினு பூடுவாருன்னுச்சு."

இதனால்தான் சிறுநீரகம் கெட்டது என்று ஒன்றைச் சுட்டிச் சொல்ல முடியாது என்று நீ போனபோதே டாக்டர் என்னிடம் சொன்னார். அதை ஆறுதலாக வைத்திருந்தேன். இப்போது அது ஆறுதல்தானா என்றே விளங்கவில்லை. ஒவ்வொரு ஊராகத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். சுண்ணாம்புக்குளத்தில் உனக்கு வெட்டிய இளநீரையும் என்னிடமே நீட்டினாயே, அது அக்கறையா, பயமா? என் குறிப்பேடுகளில் அன்றன்றைய காற்றின் திசைகூட இருக்கிறது. நீ குடித்தாயா என்பது எதிலும் இல்லை.

பாக்கியம் விடவில்லை. "நெசமா சொல்லு சார். இட்டுகினு பூட்ருப்பியா?"

மாட்டேன் என்று வாய்வரை வந்தது. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தொடருக்கு ஆசிரியர் உன் பெயரைச் சொன்ன அன்று, அவர் அறையில் உட்கார்ந்து நான் முதலில் கேட்டது, "லேடியா? அலைய முடியுமா சார்?" என்றுதான். சற்று நேரத்தில், வெளியே காத்திருந்த நீ உள்ளே வந்து, எப்போது கிளம்பலாம் என்று கேட்டாய்.

பாக்கியம் குனிந்து மீனைத் திருப்பிப் போடத் தொடங்கினார்.

அன்று அந்த அறையில் மின்விசிறி போட்ட சத்தம் நினைவிருக்கிறது. மேசைமேல் ஆறிப்போன டீ நினைவிருக்கிறது. நான் அதைக் கேட்டபோது கதவு திறந்திருந்ததா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.