மூடக் கூடாத குழாய்

இதை எழுதும்போது எனக்குப் பின்னால் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது. மறதியில்லை, நானேதான் திறந்து விட்டிருக்கிறேன். கோபப்படாமல் மேலே படி. அந்தச் சத்தத்தோடு, முடி உலர்த்தும் மிஷினின் சூட்டு வாசனையும் இன்னும் அறையில் நிற்கிறது. குழாய்க்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். எனக்கே முழுசாக விளங்கவில்லை. விளங்கின மட்டும் சொல்கிறேன்.

நான் கனடாவில் இருக்கிறேன். நம் செல்விக்குப் பிரசவம். நீ வந்திருக்க வேண்டிய இடத்துக்கு நான் வந்திருக்கிறேன். கீழ்வேளூரில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் பாக்கியில்லை. உன் தங்கை வீட்டுக்கே வந்து கேட்டாள்: "பிள்ளப்பேறு பாக்க நீங்க போயி என்ன அத்தான் பண்ணப் போறீங்க? அவ பச்சப் புள்ளயப் பாப்பாளா, உங்களப் பாப்பாளா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரசம் வைக்கத் தெரியும், வெந்நீர் போடத் தெரியும், வேறென்ன வேண்டும் என்று கேட்டேன். சுக்கு, பூண்டு, பெருங்காயம், லேகியம் என்று பெட்டியை அடைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். கடைசியில் அந்த வெந்நீரில்தான் மானம் போகப் பார்த்தது.

இங்கத்துக் குளிரை உனக்கு எப்படிச் சொல்வது? மார்கழியில் நான் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனால், கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறேன் என்று சிரிப்பாயே, அந்த மப்ளரை இங்கே கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அதைப் பார்த்து குளிரே சிரித்திருக்கும். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

செல்விக்கு வலி எடுத்தது நேற்றுக் காலையில். மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு காருக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "அப்பா, இன்னிக்கி ரொம்பக் குளிரும். சமையக்கட்டுக் குழாய நூல் மாதிரி ஒழுக விட்டிருக்கேன். மூடிடாதீங்க. அதுக்குக் கீழ இருக்க அலமாரிக் கதவும் தொறந்தே கெடக்கட்டும்." வலியிலும் அவளுக்கு அந்த ஞாபகம். மாப்பிள்ளை பூட்ஸ் மாட்டிக்கொண்டே விளக்கினார். குழாய் வெளிச்சுவரை ஒட்டிப் போகிறதாம். உள்ளே தண்ணீர் அசையாமல் நின்றால் உறைந்துவிடுமாம். உறைந்தால் உப்பும், உப்பினால் குழாய் வெடிக்கும், அப்புறம் வீடு முழுக்கத் தண்ணீர். ஓடிக்கொண்டே இருந்தால் அவ்வளவு சுலபமாக உறையாது. அலமாரி திறந்திருந்தால் வீட்டுச் சூடு குழாய்க்குப் போகும். நான் தலையை ஆட்டினேன். கேட்கும்போது புரிந்தது. அவர்கள் போனபின் உட்கார்ந்து யோசித்தேன், புரிந்ததும் போய்விட்டது. தண்ணீர் வர வேண்டுமானால் தண்ணீரை வீணாக்க வேண்டுமாம். உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால் மாப்பிள்ளையைக் கூட்டிப் போய் மந்திரிக்கச் சொல்லியிருப்பாய்.

உனக்கும் சொட்டுகிற குழாய்க்கும் ஆகாதே. மயிலாடுதுறைக் கல்யாணத்தை நினைத்துக்கொண்டேன். மொய் எழுத வரிசையில் நின்றவளைத் திடீரென்று காணோம். தேடிப் போனால், பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கை கழுவுகிற இடத்தில் ஒவ்வொரு குழாயாகத் திருகி மூடிக்கொண்டு நிற்கிறாய். மண்டபத்து ஆள் என்று நினைத்து ஒருவர் உன்னிடம் பாயசம் இன்னும் வருமா என்று கேட்டார். நீயும் அசராமல், "வரும், போயி ஒக்காருங்க" என்றாய். நம் வீட்டிலோ, கூடத்தில் படுத்தபடியே கொல்லைக் குழாய் சொட்டுவது உனக்குக் கேட்கும். "என்னங்க, சொட்டுது" என்பாய். எனக்குக் கேட்கவே கேட்காது. கேட்காத மாதிரி நடிக்கிறேன் என்று நீ சொல்வாய். சத்தியமாக இல்லை. ஆனால் நீ போய்ச் சேர்ந்த பிறகு கேட்க ஆரம்பித்தது. எங்கிருந்தாலும் கேட்கிறது. பஸ் ஸ்டாண்டில், கோயிலில், பக்கத்து வீட்டில். எழுந்து போய் மூடிவிட்டு வந்தால்தான் உட்கார முடிகிறது. இது எப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. காது என்னுடையதுதான்.

அந்தக் காதை வைத்துக்கொண்டு நேற்றுப் பகல் முழுக்க அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். டிவியைச் சத்தமாக வைத்தேன். பஞ்சு தேடினேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், நாளை மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் என்ன பேசினேன் என்று தெரியாது. அழுதேன் போலிருக்கிறது. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். துண்டால் துடைத்தேன். சாமியைக் கும்பிட்டேன். நிம்மதியாகப் படுத்தேன்.

இன்று காலையில் எழுந்து, அவர்கள் வருவதற்குள் ரசம் வைக்கலாம் என்று பாத்திரத்தைக் குழாயில் பிடித்தால், ஒரு சொட்டு வரவில்லை. அப்போதுதான் பார்க்கிறேன், அலமாரிக் கதவும் அழகாகச் சாத்தியிருக்கிறது. முகம் கழுவின கை, போகிற போக்கில் குழாயை இறுக்கி மூடியிருக்கிறது. கால் கதவைத் தள்ளிச் சாத்தியிருக்கிறது. எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை.

அடுத்து நான் செய்ததைச் சொன்னால் நீ ஊரைக் கூட்டிச் சிரிப்பாய். மோட்டார் சுவிட்சைத் தேடினேன். தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டி காலி, மோட்டாரைப் போட வேண்டும். இதுதானே நமக்குத் தெரிந்த படிப்பு? இருக்கிற சுவிட்சையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்றைப் போட்டதும் கழுவுதொட்டிக்கு உள்ளேயிருந்து ஏதோ பல்லைக் கடிக்கிற மாதிரி கர்ரென்றது. பயந்து அணைத்தேன். மிச்சம் மீதியை அரைத்துத் தள்ளுகிற மிஷினாம், பிறகு மாப்பிள்ளை சொன்னார். குளியலறைக்குப் போனேன். அதுவும் அதே வெளிச்சுவரை ஒட்டித்தான், அங்கேயும் வறட்சி. பிள்ளை பெற்றவளும் பச்சைக் குழந்தையும் வரப் போகிறார்கள், வீட்டில் கால் கழுவத் தண்ணீர் இல்லை. உன் தங்கை முகம் கண்முன்னே வந்து நின்றது. ஒரு வீம்பில் குண்டானை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கிடந்த பனியை அள்ளி வந்து அடுப்பில் வைத்தேன். குண்டான் நிறைய அள்ளியது உருகி அடியில் ஒரு டம்ளராக நின்றது. அதிலும் ஒரு சருகு.

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். நல்ல பிள்ளை, ஒரு வார்த்தை திட்டவில்லை. "பதறாதீங்க மாமா. நெருப்பு எதையும் கிட்ட கொண்டு போயிடாதீங்க. குழாயத் தொறந்து வச்சிட்டு, செல்வி முடி காய வைக்கிற மிஷின எடுத்து, குழாய்ப் பக்கத்துலேருந்து செவுத்துப் பக்கமா மெல்லக் காட்டிக்கிட்டே போங்க. எங்கயாச்சும் தண்ணி பீச்சியடிச்சா, நிலவறைல பெரிய வால்வு இருக்கு, அத மூடிடுங்க. செல்விக்கு இப்ப தெரிய வேணாம்."

எனக்குத் தலை சுற்றியது. மூடினதால் வந்தது வம்பு. இப்போது திற என்கிறார். வெடித்தால் மூடு என்கிறார். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று குழம்பிப் போய், அலமாரிக்குள் தலையை விட்டுத் தரையில் படுத்தேன். மிஷினைக் காட்டிக்கொண்டே இருந்தேன். நீ செல்விக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிக் கூடையில் முடியை விரித்துப் போட்டு, அவள் ஓடப் பார்த்தால் காதைப் பிடித்து உட்கார வைப்பாய். நான் ஒரு குழாய்க்குத் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன். அதுவும் அசையாமல் கிடந்தது, அவளைவிடச் சமர்த்து.

நமக்குத் தண்ணீருக்குக் காத்திருந்து பழக்கம்தான். கடைமடைக்காரர்கள். மேலே எல்லாரும் பாய்ச்சி முடித்து நம் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று நின்றவர்கள். ஆனால் அங்கே தண்ணீர் எங்கோ இருக்கும், வந்து சேராது. இங்கே கைக்கு எட்டுகிற தூரத்தில், குழாய்க்குள்ளேயே, கல்லாக உட்கார்ந்திருக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? குழாய் வெடித்துவிடுமோ என்று ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. அப்புறம் மேலே குழாய் ஒருமுறை இருமியது. காற்றைத் துப்பியது. இன்னொரு முறை இருமியது. முதல் தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வருமே, அது மாதிரி விட்டுவிட்டு வந்து, பிறகு சீராக ஊற்றியது. எழுந்த வேகத்தில் அலமாரியில் மண்டையை இடித்துக்கொண்டேன். வலிக்கவில்லை. மூட்டுகளை மறுபடி பார்த்தேன். எங்கும் கசியவில்லை. குழாயை நூல் அளவுக்குக் குறைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

அவர்கள் வரும்போது வெந்நீர் தயார். ரசம் தயார். மாப்பிள்ளை என் நெற்றிப் புடைப்பைப் பார்த்துவிட்டு அலமாரியைப் பார்த்தார். உன் பேத்தியை என் கையில் கொடுத்தார்கள். யார் ஜாடை என்று சொல்லத் தெரியவில்லை. துணிக்குள்ளே மூக்கு மட்டும்தான் தெரிந்தது. செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். உட்காரும்மா என்றேன். உட்காரவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ கேட்டாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். குழாயை இறுக்கித் திருகி மூடினாள். புறங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து சோபாவில் சாய்ந்தாள்.

"ரசம் வாசன வருதுப்பா" என்றாள்.

அவளுக்குத் தான் மூடியதே தெரியாது. மூடாதே என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனவளே அவள்தான். நானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குச் சிரிப்பு. எனக்கு என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அவள் நடந்தது, தலையைச் சாய்த்தது, கையைத் துடைத்தது எல்லாம் நம் கொல்லையில் பார்த்த மாதிரியே இருந்தது. குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் போய்க் குழாயைத் திறந்து விட்டேன்.

இப்போது தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள். நான் குழாய்க்குக் காவல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் கையை நான் பார்த்துக்கொள்வேன். அவள் எழுந்து வந்தால் அவள் கையையும் பிடித்துக்கொள்வேன். இந்தக் குளிர் விடுகிறவரைக்கும், நீ மட்டும் வந்து மூடிவிடாதே.