சிவப்பு மையில் நான் வரைந்த கோடு

11 பிப்ரவரி 2001, ஞாயிறு

மத்தியானம் தங்கை செல்வி வந்தாள். ஆண்டர்சன்பேட்டையில் அவள் வாங்கிய வீட்டில் சுவர் விரிசலை இரண்டு முறை பூசியாயிற்று. அதே இடத்தில் மறுபடியும் விடுகிறதாம்.

"குஜராத்துல பூமி ஆடிச்சே, எதனாலண்ணா?" என்று கேட்டாள்.

இங்கே தங்கச் சுரங்கத்தில் வரைபடம் போடுகிறவன் நான், சொன்னேன். அங்கே மேலே படிந்தது புதுசு, அடிப்பாறை ரொம்பப் பழசு. ஒரு காலத்தில் நிலம் இழுபட்டுப் பள்ளமானபோது, அடிப்பாறையின் பழைய பிளவுகளை ஒட்டித்தான் புதுப் பிளவுகளும் விழுந்தன. இன்றைக்கும் அங்கேதான் அசைகிறது.

"நம்ம ஊட்டுக்கு அடியில இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல. நல்ல கொத்தனாரா பாத்துப் பூசு."

அவள் வீட்டுக்கு அடியிலும் ஒரு பழைய பிளவு போகிறது. வரைபடத்தில் அதைச் சிவப்பு மையில் இழுத்தது என் கைதான். சுரங்கத்தை மூடப்போகிறார்கள். தண்ணீர் இறைக்கும் பம்பு நின்றால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறும், அந்தப் பிளவுக்குள்ளும் போகும். ஊறிய பிளவு நழுவினால், மேலே நிற்பது அவள் வீடு. சொல்லி என்ன பயன்? வேறு வீட்டுக்கு அவள் எங்கே போவாள்?

கிளம்பும்போது, "நீ சொன்னா போதும்ணா, இனிமே நல்லா தூங்குவேன்" என்றாள்.

இந்நேரம் தூங்கியிருப்பாள்.