பள்ளத்தின் மேற்குச் சுவர்

ஜூலை 6, ஞாயிறு

துணியைக் காயப்போட்ட கையோடு மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். பேச்சி கட்டிலில் படுத்தபடியே, "ஏட்டி மாரி, லீவு நாளைக்காவது அந்தக் குழிய விடேன்" என்றாள். பேச்சி என் ஊர்க்காரி, கோவில்பட்டிப் பக்கம். அவளுக்கு செல்போன் கம்பெனி, எனக்கு ஒரகடத்தில் கார் கண்ணாடி கம்பெனி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் இருக்கிறோம்.

அவள் சொல்லும் குழி நிலாவில் இருக்கிறது. புயல்களின் பெருங்கடல் என்று பெயர் வைத்த கரிய சமவெளியின் ஓரத்தில், பெயரே இல்லாத சின்னப் பள்ளம். விண்கல் விழுந்து தோண்டியது. அதன் மேற்குச் சுவரில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள். எரிமலைக் குழம்பு மூன்று முறை பரவி வந்து, ஒவ்வொரு முறையும் ஆறிப் பாறையாக இறுகியதன் அடுக்குகள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, கண்ணுக்குத் தெரிகிறதே! மேலிருந்து பார்த்தால் வெறும் கருஞ்சமவெளி. விண்கல் வெட்டியதால்தான் உள்ளே இருப்பது வெளியே வந்திருக்கிறது.

நிலவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் கண்ணாடியில் கீறல் தேடுகிறேன். அதனால் என்ன? நிலாப் படங்கள் இணையத்தில் எல்லாருக்கும் பொதுவாகத்தானே கிடக்கின்றன. பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ஜூலை 9, புதன்

நான் அனுப்பிய கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள்! சென்னையில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் என் மூன்று அடுக்குகளைப் பற்றி நானே பேசலாம். 24ஆம் தேதி, வியாழக்கிழமை.

சந்தோஷத்தில் கேன்டீனில் உளறிவிட்டேன். ஷிப்ட் முடிவதற்குள் லைன் முழுக்க எனக்கு 'நிலா மேடம்' என்று பெயர். இருக்கட்டும். வேறு எவளுக்காவது அப்படிப் பெயர் உண்டா?

ஜூலை 14, திங்கள்

சூப்பர்வைசர் வசந்தகுமாரிடம் ஒரு நாள் விடுப்பு கேட்டேன்.

"இன்னாம்மா, நிலாவுல கல்லு கீதுன்னு சொல்றதுக்கு லீவா?"

சிரிக்கவில்லை நான். அவரும் பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அது ஆடிட் வாரம்மா. உன் வூட்ல கல்யாணம்னாகூட வுட முடியாது. மேல கேட்டுட்டேன். வரலைன்னா கான்ட்ராக்ட கட் பண்ணிடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப கட் பண்ணிக்கட்டும் சார்."

"அவசரப்படாத. நாளைக்கு வந்து சொல்லு."

நாளைக்கும் இதைத்தான் சொல்லுவேன்.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன். 23ஆம் தேதியோடு கடைசி.

பேச்சிக்கு வந்த கோபம்! "கிறுக்கு பிடிச்சிருக்காட்டி ஒனக்கு? அந்தக் கல்லா வந்து சோறு போடப் போவுது?" என்று கத்தினாள். அதோடு விடாமல் ஊருக்கும் போன் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மா. எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்லுவது, வேலையில் இருக்கும் பெண் என்றுதானே பேசியிருக்கிறது என்று ஒரே அழுகை. "நீ படிச்சது போதும்னுதான வேலைக்கு அனுப்புனேன்?"

எனக்குப் போதாதே, அம்மா. எனக்குப் போதலியே. அத யாரும் கேக்கலியே.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச்சி மட்டும் முறைத்துக்கொண்டே எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்தாள்.

ஜூலை 24, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டதும் முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்று கோடுகளையும் காட்டினேன். முடித்ததும் கைதட்டினார்கள்.

அப்புறம் ஓர் அம்மா எழுந்தார். பேராசிரியர் மஞ்சுளா. நிலாவின் எரிமலைப் பாறைகளையே வெகுகாலமாகப் பார்ப்பவர்.

"அழகான படம். இது மாலை வெயில்ல எடுத்தது, இல்லையா?"

"ஆமாம் மேடம்."

"அதே சுவரை உச்சி வெயில்ல எடுத்த படம் பார்த்தீங்களா? சாய்ந்த வெயில்ல ஒரு சின்ன மேடுகூட நீளமா நிழல் போடும். நிழலையும் பாறையையும் எப்படிப் பிரிச்சீங்க?"

பார்க்கவில்லை. தேடியது ஒருமுறைதான். கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டேன். "இன்னும் பார்க்கவில்லை" என்று சொன்னேன். அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட கோபப்பட்டுக்கொண்டு வந்திருப்பேன்.

பேருந்தில் பூந்தமல்லி தாண்டும்வரை எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க ஒவ்வொரு கண்ணாடியையும் விளக்கின்கீழ் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கிறவள் நான். ஒரு பக்கத்து வெளிச்சத்தை மட்டும் நம்பி 'ஓகே' போட்டதே கிடையாது. இதுல மட்டும் ஏன் நம்புனேன்? மூணும் இருக்கணும்னு ஆசைப்பட்டேன், அதான். வேற என்ன?

ஜூலை 25, வெள்ளி

பேச்சி வேலைக்குப் போகும்போது சாப்பாட்டைத் தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாப்பிட்டேன். உச்சி வெயில் படத்தைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

கிடைத்தது. அந்த இடத்துக்கு மேலே ஏறக்குறைய உச்சி வெயிலில் எடுத்த படம். வெளுத்துப்போய், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறது.

கீழே இருந்த இரண்டு கோடுகளும் இல்லை.

மேல் கோடு இருக்கிறது. விளிம்புக்குச் சற்றுக் கீழே, உடைந்த பாறைத் திட்டாக, பள்ளத்தைச் சுற்றி நீளமாக ஓடுகிறது. அதிலிருந்து பெயர்ந்த கற்கள் உருண்டு சரிவில் கிடக்கின்றன. நிழலிலிருந்து கல் பெயராது. அது பாறைதான். பாறையேதான்!

பேச்சியை இழுத்து உட்காரவைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "மத்த ரெண்டும் போச்சுன்னு யாருக்குட்டி தெரியும்? பேசாம இரேன்" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள்.

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து மஞ்சுளா மேடத்துக்கு அனுப்பியிருந்தேன். கீழ் இரண்டும் அடுக்கா நிழலா என்று இந்தப் படங்களை வைத்துச் சொல்ல முடியாது, மேலே இருப்பதை விடமாட்டேன் என்று எழுதியிருந்தேன். இன்று அவரே அழைத்தார்.

"இந்த மாதிரி ஆனா நிறைய பேர் கட்டுரையையே திருப்பி வாங்கிடுவாங்க."

"நான் வாங்கமாட்டேன் மேடம்."

"வாங்காதீங்க. ஆனா ஒரு அடுக்குன்னா, அது எவ்வளவு தடிமன்னு அடுத்து கேப்பேன். நிழலோட நீளத்தை வச்சுக் கணக்குப் போட முடியும், யோசிங்க."

அவர் வேலை எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த கேள்வி மட்டும் கிடைத்திருக்கிறது. அதுவே எனக்குத் தெம்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிள்ளைப்பாக்கத்தில் வேறொரு கம்பெனி. விளக்கு தயாரிக்கிறார்கள். நேர்காணலில் சசிரேகா என்ற அதிகாரி, "முந்தின வேலைய ஏன் விட்டே?" என்று கேட்டார். வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல்லி பேச்சி அனுப்பியிருந்தாள்.

"ஒரு ஆய்வுக் கூட்டத்துல பேசணும்னு லீவு கேட்டேன், குடுக்கல. போனேன். மறுபடி கூப்பிட்டாலும் போவேன்."

விண்ணப்பத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "முன்கூட்டியே சொல்லு. அன்னிக்குக் காலையில வந்து நின்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா. இத்தனை நாளுக்குப் பிறகு போனில்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்தார்களாம். பொண்ணு வேலையை விட்டுவிட்டாளாமே, நிலா கிலா என்று சுற்றுகிறாளாமே என்று இழுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதெல்லாம் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"நீ என்னம்மா சொன்ன?"

"அவ விட்டா, வேற வேலையும் பிடிச்சுக்கிட்டா, ஒங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டேன். மூஞ்சியத் தூக்கிட்டுப் போய்ட்டாக. போகட்டும்." குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. அதே வேகத்தில், "பேச்சி என்னவோ சொன்னா. மூணு இல்லையாமே, ஒண்ணுதானாமே?"

"ஆமாம்மா. ஒண்ணுதான்."

"அது நெசமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அத எழுது."

போனை வைத்ததும் கட்டுரையைத் திறந்தேன். தலைப்பில் 'அடுக்குகள்' என்று இருந்தது. அழித்துவிட்டு, 'ஓர் அடுக்கு' என்று எழுதினேன்.